முந்துகிறவர் மேல்தான் பொறுப்பு: பந்தயத் தடத்தில் முந்துவது குறித்து ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவன். வயது 23. ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் 165 சிசி நாவிஸ் (புதியவர்கள்) பிரிவில் பைக் பந்தயம் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். சென்ற போட்டியில், ஒரு வலப்பக்க வளைவுக்கு முன்னால், எனக்கு முன் சென்றவரைவிடத் தாமதமாகப் பிரேக் பிடித்து உள்பக்கமாக நுழைந்தேன். அவர் என்னைப் பார்க்காதவர்போல வளைவுக்குள் திரும்பிவிட்டார். என் முன்சக்கரம் அவருடைய வண்டியில் பட்டு இருவரும் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு மட்டும்தான். அவருக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. அடுத்த போட்டியில் நான் கடைசி வரிசையிலிருந்து தொடங்க வேண்டும் என்று நடுவர்கள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். இடம் இருந்ததால்தானே நுழைந்தேன்? வழியை அடைத்தவர் அவர்தானே? அவருடைய வண்டிச் செலவை நான் தர வேண்டுமா? வேகமானவர்கள் பின்னால் வரும்போது நீலக் கொடி காட்டினால் நான் ஒதுங்கிவிட வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு ஏலகிரி மலைப்பாதையில் முந்திப் பழகுகிறேன், அது பயன்படுமா? இனிமேல் பந்தயமே வேண்டாம் என்கிறார் அப்பா. தங்கள் ஆலோசனை வேண்டும்.

பதில்: தம்பி, உங்கள் முதல் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விபத்துக்குப் பொறுப்பு உங்களுடையதுதான். நடுவர்கள் தந்த தண்டனையும் கடுமையானதன்று. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே தந்திருப்பேன். ஆனால் தண்டனையை ஏற்றுக்கொள்வதும் அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்வதும் வேறு வேறு. “இடம் இருந்ததால்தானே நுழைந்தேன்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நினைப்பு இருக்கும்வரை இதே விபத்து வேறொரு வளைவில் வேறொருவரோடு நடக்கும். ஆகவே அதைப் பற்றியே சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்பது நம் ஊர்ச் சாலைகளில் வண்டி ஓட்டிய எவருக்கும் தெரியும். வேலூரிலிருந்து காட்பாடிக்கு மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே ஒரு முழம் இடம் தெரிந்தால் முன்சக்கரத்தை அதில் விட்டுவிடுகிறோம், ஹாரன் அடிக்கிறோம், சக்கரத்தைப் பார்த்தோ சத்தத்தைக் கேட்டோ மற்றவர் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறார். இடப்பக்கமாகவும் நுழைகிறோம், வலப்பக்கமாகவும் நுழைகிறோம். நுழைந்தவனுக்கு வழிவிடுவது என்பது இங்கே எழுதப்படாத உடன்பாடு. முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த உடன்பாடு எப்படியோ நடந்தும்விடுகிறது. பந்தயத் தடத்தில் அந்த உடன்பாடு கிடையாது. பந்தய வண்டியில் ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, பின்னால் பார்க்கும் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுத்தான் தடத்துக்குள்ளேயே விடுவார்கள். உங்கள் முன்னால் போகிறவர் டேங்கின்மேல் குனிந்து, அடுத்த வளைவின் உட்புள்ளியை, அதாவது உள் ஓரத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டிய இடத்தை, தேடிக்கொண்டிருக்கிறார். நீங்கள் பின்னால் வருவதே அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. பின்னால் இருப்பவருக்கு இருவரும் தெரிகிறார்கள், முன்னால் இருப்பவருக்கு அவர் ஒருவர் மட்டுமே தெரிகிறார் என்பதால்தான், முந்துவதற்கான பொறுப்பு முழுவதையும் பின்னால் இருப்பவர்மேல் வைத்திருக்கிறார்கள். உலகப் பந்தயங்களிலும் இதுவே நடைமுறை. நம் நாட்டில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ உரிமத்தோடு நடக்கும் போட்டிகளிலும் இதுவே நடைமுறை.

இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்து மாடு விடும் விழாக்களில் காளைகளை ஒவ்வொன்றாகத்தான் அவிழ்த்துவிடுகிறார்கள்; குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்பதைக் கணக்கிட்டுத்தான் பரிசு. பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் நீங்கள் ஓட்டுவதும் அப்படிப்பட்ட ஓட்டம்தான்: நீங்களும் கடிகாரமும் மட்டும். அதில் நல்ல நேரம் எடுத்துவிட்ட பலர், பந்தயத்திலும் அதே லைனில் (தடத்தில் வண்டி போகும் பாதையில்) அதே வேகத்தில் போனால் முன்னால் இருப்பவர் தானாகக் கடந்துபோவார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. தனியாக வேகமாகப் போவது ஒரு திறமை. இன்னொருவரைக் கடந்து போவது தனியே கற்றுக்கொள்ள வேண்டிய வேறொரு திறமை.

இப்போது உங்கள் வளைவுக்கு வருவோம். நேர்பாதையின் முடிவில் நீங்கள் மணிக்கு 110 கிலோமீட்டரில் வந்தீர்கள் என்றும், அந்த வளைவுக்குள் 70-இல் திரும்ப வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். 110 என்பது நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். நல்ல டயரும் உலர்ந்த தடமும் இருந்து, நன்றாகப் பிரேக் பிடித்தால், அந்த வேகக் குறைப்புக்கு ஏறத்தாழ 36 மீட்டர் போதும். முன்னால் இருப்பவரைவிட அரை நொடி தாமதமாகப் பிடித்தால் என்ன ஆகும்? அந்த அரை நொடியில் 15 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடிக்க மீதியிருப்பது 21 மீட்டர். அதே அழுத்தத்தில் பிடித்தாலும் திரும்ப வேண்டிய இடத்துக்கு நீங்கள் வந்துசேரும்போது வண்டி இன்னும் 89 கிலோமீட்டரில் இருக்கும். 70-இல் திரும்ப வேண்டிய வளைவு அது.

கதை அதோடு முடியவில்லை. வழக்கமான லைன் தடத்தின் வெளி ஓரத்தில் தொடங்கி, உட்புள்ளியைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்குப் போகிறது. அதனால் வளைவின் ஆரம் பெரிதாகிறது. உள்பக்கமாக நுழைந்தவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய வளைவு இறுக்கமானது. ஒரே டயர்ப் பிடிப்பில் போகக்கூடிய வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 50 மீட்டர் ஆரத்தில் 70-இல் போக முடிந்தால், 35 மீட்டர் ஆரத்தில் 59-க்கு மேல் போக முடியாது. அதாவது, மற்றவரைவிட மெதுவாகப் போயாக வேண்டிய லைனுக்குள், மற்றவரைவிட 19 கிலோமீட்டர் அதிக வேகத்தில் நுழைந்திருக்கிறீர்கள். அந்த வேகத்தில் வந்த வண்டி உள் ஓரத்தில் நிற்காது. நேராக வெளிப்பக்கம் ஓடும். அங்கே யார் இருக்கிறார்? தன் லைனில் ஒழுங்காகத் திரும்பிக்கொண்டிருக்கும் அந்த மனிதர். அவர் வழியை அடைக்கவில்லை. உங்களுக்கு நின்றுகொள்ள வழி இல்லை. உங்கள் எண்கள் சற்று வேறுபடலாம். வண்டி, டயர், வளைவு ஆகியவற்றுக்கு ஏற்ப மாறும். கணக்கின் போக்கு மாறாது.

நடுவர்கள் இப்படிப்பட்ட விபத்தை ஆராயும்போது பார்ப்பவை சிலவே. முன்னால் இருப்பவர் திரும்பத் தொடங்கிய நொடியில் முந்துகிறவரின் வண்டி எங்கே இருந்தது? அவருடைய முன்சக்கரம் மற்றவரின் முன்சக்கரத்துக்கு இணையாக, குறைந்தது மற்றவரின் முழங்காலைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்ததா? முந்துகிறவர் தன் லைனிலேயே வளைவை முடிக்கும் வேகத்தில் இருந்தாரா, அல்லது மற்றவர்மேல் சாய்ந்துதான் திரும்பினாரா? மற்றவர் வழக்கமான லைனில் இருந்தாரா, அல்லது பிரேக் பிடிக்கும்போது லைனை மாற்றித் தடுத்தாரா? கடைசிக் கேள்விக்கு ‘தடுத்தார்’ என்பது விடையானால் பொறுப்பு அவருக்கும் உண்டு. உங்கள் முன்சக்கரம் அவர் வண்டியில் எங்கே பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. பின்சக்கரத்திலோ சைலன்ஸரிலோ பட்டிருந்தால் மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை. நீங்கள் அவர் அருகில் வந்திருக்கவே இல்லை.

சற்று முன்னால் இருந்துவிட்டாலும் போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2011-இல் பிரான்ஸின் லெ மான்ஸ் தடத்தில் நடந்த மோட்டோஜிபி என்னும் உலக பைக் பந்தயத்தில் மார்க்கோ சிமொன்செல்லி, டானி பெட்ரோசாவை வெளிப்பக்கமாக முந்தி, அவருக்கு இடம் விடாமல் லைனுக்குள் திரும்பினார். பெட்ரோசா விழுந்தார், அவருக்கும் வலது காறை எலும்புதான் முறிந்தது. சிமொன்செல்லிக்குப் பிட் (வண்டிகளைச் சரிபார்க்கும் இடம்) பாதை வழியாக மெதுவாகச் சென்றுவரும் தண்டனை கொடுத்தார்கள். முந்துதல் முடிந்தது என்று சொல்வதற்கு, நீங்கள் முன்னால் இருப்பது மட்டும் போதாது. பின்னால் விட்டவருக்குப் போக ஓர் இடமும் விட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் எப்படித்தான் முந்துவது என்று கேட்பீர்கள். நாவிஸ் பிரிவில் ஓட்டுகிறவருக்கு நான் முதலில் கற்றுத்தருவது வளைவுக்குள் நுழையும்போது முந்துவதை அன்று, வளைவைவிட்டு வெளியேறும்போது முந்துவதை. இளைஞர்களுக்கு இது உப்புச்சப்பில்லாததாகத் தோன்றுகிறது. பார்ப்பவர்கள் கைதட்டுவதும் கடைசி நொடிப் பிரேக்குக்குத்தான். ஆனால் ஒரே அளவு எஞ்சின் கொண்ட சிறிய வண்டிகளில், பந்தயத்தை வெல்வது ஆக்சிலரேட்டரை யார் முதலில் முழுவதும் திறக்கிறார் என்பதுதான். முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வளைவுக்குள் போனால், அவர் வேகத்தில்தான் நீங்களும் வெளியே வருவீர்கள். ஒன்றரை, இரண்டு வண்டி நீள இடைவெளி விட்டு நுழையுங்கள். வண்டியைச் சற்று முன்னதாகத் திருப்பி முடித்து, அவருக்கு முன்பாகவே ஆக்சிலரேட்டரைத் திறங்கள். வளைவின் முடிவில் அந்த இடைவெளி தானாக மூடும். அவருக்குப் பின்னால் காற்று குறைந்த இடத்தில் கொஞ்ச தூரம் ஓடி, கூடுதலாகக் கிடைத்த வேகத்தோடு பக்கவாட்டில் வெளியே வாருங்கள். அடுத்த பிரேக் புள்ளிக்கு முன்பே முந்தி முடித்துவிடுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஒருவருக்குப் பின்னால் குறைந்த காற்றில் ஓடும்போது, உங்கள் வண்டியை இழுத்து நிறுத்த உதவும் காற்றின் எதிர்ப்பும் குறைந்துதான் இருக்கும். வேகமும் வழக்கத்தைவிடக் கூடியிருக்கும். ஆகவே உங்கள் வழக்கமான பிரேக் அடையாளம் அந்த நொடியில் பொய் சொல்லும். சற்று முன்னதாகவே பிடியுங்கள். அவருடைய பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் ஒருபோதும் பிரேக் பிடிக்காதீர்கள். அரை வண்டி அகலமாவது விலகி இருங்கள். அவர் எதிர்பாராமல் முன்னதாகப் பிடித்தால் நீங்கள் அவர் பக்கத்தில் போய் நிற்பீர்கள். நேர் பின்னால் இருந்தால் அவர்மேல் போய் நிற்பீர்கள். முன்சக்கரம் இன்னொருவரின் பின்சக்கரத்தில் உரசினால் பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான் விழுகிறார். கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும் என்பதால், பார்வையை அவருடைய முதுகில் நிறுத்தாமல், அவரைத் தாண்டி வளைவின்மேல் வைத்திருங்கள்.

உள்பக்கமாகப் பிரேக்கில் முந்துவதை நான் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முயற்சி பிரேக் புள்ளிக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அவர் பிரேக்கில் கை வைக்கும்போது நீங்கள் ஏற்கெனவே அவருக்கு இணையாக இருக்க வேண்டும். அவர் கண்ணின் ஓரத்தில் உங்கள் ஹெல்மெட் தெரிய வேண்டும். பிரேக் புள்ளிக்கு வரும்போது ஒரு வண்டி நீளம் பின்னால் இருந்தால், அந்த வளைவு அவருடையது, விட்டுவிடுங்கள். நாவிஸ் பந்தயத்தில் அதற்குப் பிறகும் வளைவுகள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் 3.7 கிலோமீட்டர் சுற்றில் பன்னிரண்டு உண்டு. வெளிப்பக்கமாக முந்துவதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: உள்ளே இருப்பவர் வெளியேறும்போது தடத்தின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வார்; அங்கே நீங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. பயிற்சி நாட்களில் புதியவர்களுக்கு இரண்டு மீட்டர் இடைவெளி இல்லாமல் முந்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

முதல் சுற்றில் முந்தும் எண்ணத்தையே மறந்துவிடுங்கள். டயர் சூடாகியிருக்காது, எல்லோரும் கூட்டமாக இருப்பார்கள், ஒவ்வொருவரும் தன் இயல்பைவிடச் சற்று அதிகமாகவே துணிவார்கள். 2006-இல் ஸ்பெயினின் காத்தலுன்யா தடத்தில், தொடக்கத்திலிருந்து முதல் வளைவை நோக்கிப் பாய்ந்த கூட்டத்தில், செத்தே ஜிபெர்னாவின் முன்பிரேக் லீவர் சக அணி வீரர் காப்பிரோசியின் வண்டியில் பட்டு அழுந்தியது. ஜிபெர்னாவின் வண்டி தலைகீழாகத் தூக்கி எறியப்பட்டது. ஹேண்டில்பாரின் முனையில் லீவரை மறைத்து நிற்கும் வளைந்த பாதுகாப்புத் துண்டு இன்று மோட்டோஜிபி-யில் கட்டாயம்; இப்படி லீவர் அழுந்துவதைத் தடுக்கத்தான் அது. உங்கள் வண்டியில் அது இல்லையென்றால் அடுத்த போட்டிக்கு முன் பொருத்திக்கொள்ளுங்கள். விலை பெரிதன்று.

கொடிகளுக்கு வருகிறேன். மஞ்சள் கொடி அசைக்கப்பட்டால் முந்தக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பரபரப்பில் முந்திவிட்டால் என்ன செய்வது என்பது பலருக்குத் தெரிவதில்லை. உடனே கையை உயர்த்துங்கள், கடந்தவரை மீண்டும் முன்னால் விடுங்கள். சர்வதேச விதிகளில் இப்படி இடத்தைத் திருப்பிக் கொடுத்தவருக்குத் தண்டனை இல்லை. கொடுக்காமல் போனால் மன்னிப்பு எதிர்பார்க்காதீர்கள். அந்தக் கொடிக்குப் பின்னால் ஒரு மார்ஷல் (தடப் பாதுகாப்புப் பணியாளர்) முதுகைக் காட்டிக்கொண்டு, விழுந்தவரைத் தூக்கிக்கொண்டிருக்கலாம். விழுந்தவரைப் பின்னால் வந்த வண்டிகள் மோதுவதுதான் இந்த விளையாட்டின் மிகக் கொடிய ஆபத்து. 2010 செப்டம்பரில் இத்தாலியின் மிசானோ தடத்தில் ஷோயா தொமிஸாவா இறந்ததும், 2011 அக்டோபரில் மலேசியாவின் செபாங்கில் நான் மேலே சொன்ன அதே சிமொன்செல்லி இறந்ததும் அப்படித்தான். இருவரும் உலகத்தரமான வீரர்கள், பின்னால் வந்தவர்களும் உலகத்தரமானவர்கள், விலகிப் போக நேரம் இல்லை. உங்கள் விபத்தில் பின்னால் யாரும் நெருங்கி வராதது உங்கள் இருவரின் நல்லூழ்.

நீலக் கொடி என்றால் உங்களைவிட ஒரு சுற்று கூடுதலாக முடிக்கப்போகிறவர் பின்னால் நெருங்கிவிட்டார் என்று பொருள். நீங்கள் ஒதுங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒதுங்காதீர்கள் என்பதே என் விடை, வழிவிடுங்கள். இரண்டும் வெவ்வேறு. பின்னால் வருகிறவர் உங்கள் லைனைப் பார்த்து, நீங்கள் அடுத்த நொடி எங்கே இருப்பீர்கள் என்று கணித்துத்தான் தன் வழியைத் தேர்ந்திருக்கிறார். நல்லெண்ணத்தோடு நீங்கள் திடீரென்று பக்கவாட்டில் விலகினால், அவர் தேர்ந்த அதே இடத்தில் போய் நிற்பீர்கள். ஆகவே வழக்கமான லைனிலேயே, வழக்கமான இடத்தில் பிரேக் பிடித்து, சீராகச் செல்லுங்கள்; அடுத்த நேர்பாதையில் ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தி அவரைப் போகவிடுங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம்; தலை திரும்பினால் தோளும் திரும்பும், வண்டியும் அசையும். வழிவிட வேண்டிய நேரத்தில் அவரோடு போட்டியிடுவது அதைவிட மோசம். ஒரு சுற்று பின்தங்கியவர் தன்னை முந்தவிடாமல் நேர்பாதையில் இங்குமங்கும் வளைந்து ஓட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அவர் காப்பாற்றிக்கொள்ள அங்கே ஓர் இடமும் இல்லை. கோயம்புத்தூரின் கரி ஸ்பீட்வே போன்ற, சுற்று 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் குறுகிய தடங்களில் இது அடிக்கடி நேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் முந்துகிறவராக இருந்து, பின்தங்கிய இருவர் அருகருகே போய்க்கொண்டிருந்தால், அவர்களுக்கு நடுவே புகாதீர்கள். இருவரும் ஒருவரையொருவர் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் வண்டி பழுதாகி வேகம் குறைந்தால் இடக்கையை உயர்த்துங்கள், அல்லது ஒரு காலை வெளியே நீட்டிக் காட்டுங்கள். அதன் பிறகு மெல்ல லைனைவிட்டு விலகுங்கள். பிட்டுக்குள் போகும்போதும் இதே செய்கைதான். வழிவிட்டவருக்குக் கையசைத்து நன்றி சொல்வது அழகான பழக்கம், நேர்பாதையில் மட்டும்.

ஏலகிரி விஷயத்தில் எனக்கு மென்மையாகப் பேச வரவில்லை. அந்த மலைப்பாதையில் பதினான்கு கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எதிரே பேருந்து வரலாம், சுற்றுலா வேன் வரலாம், விறகு சுமந்து ஒரு அம்மா நடந்து வரலாம். அங்கே சாலையில் பாதி மட்டுமே உங்களுக்குச் சொந்தம் என்பதால், தடத்தில் எடுக்க வேண்டிய லைனை அங்கே எடுக்கவே முடியாது. எடுத்தால் எதிர்ப்பக்கத்தில் இருப்பீர்கள். ஆகவே அங்கே பழகுவது எதுவும் இருங்காட்டுக்கோட்டையில் பயன்படாது. இருக்கும் கெட்ட பழக்கம் இறுகுவது மட்டும்தான் மிச்சம். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019-இல் திருத்தப்பட்டபின் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரு வழக்கு பதிவானால், பந்தய உரிமம் வழங்குகிறவர்கள் முன் நீங்கள் எந்த முகத்தோடு நிற்பீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

பழகுவதற்கு வேறு வழி இருக்கிறது. அனுமதி பெற்ற ஒரு காலி மைதானம் போதும். கூம்புகளை வைத்து ஒரு நீள்வட்டம் அமையுங்கள். நண்பர் ஒருவர் முன்னால் 40 கிலோமீட்டரில் ஒரே லைனில் சுற்றட்டும். நீங்கள் இடைவெளிவிட்டு நுழைந்து, வெளியேறும்போது கடந்து போவதை மட்டும் மீண்டும் மீண்டும் செய்யுங்கள். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். முந்தப்படுகிறவராக லைன் மாறாமல் ஓட்டுவதும் பழக வேண்டிய ஒன்றுதான், அதை ஒருவரும் பழகுவதில்லை. அதற்கு மேல், பயிற்சி நாட்கள் நடக்கும்போது புதியவர்களுக்கான குழுவில் சேருங்கள். வேலூரிலிருந்து தடத்துக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வண்டியை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன் கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடலாம். பந்தயத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

இனி, அந்தக் காறை எலும்பு முறிந்தவர். அவரை நேரில் சென்று பார்த்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லையென்றால் இந்த வாரமே போங்கள். தொலைபேசியில் வேண்டாம், நண்பர்கள் கூட்டத்தோடும் வேண்டாம். “நான் உள்ளே வந்திருக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். அதற்குப் பின்னால் ‘ஆனால்’ என்று ஒரு சொல்லையும் சேர்க்காதீர்கள். அவர் கோபமாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். பேடாக்கில் (அணிகள் தங்கி வண்டிகளைத் தயார்செய்யும் இடத்தில்) கூட்டம் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போடும் வழக்கம் சில அணிகளிடம் இருக்கிறது. நடுவர்கள் அதைத் தடத்தில் நடந்த தவறைவிடக் கடுமையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தீர்ப்பில் குறை இருப்பதாக நினைத்தால் குறித்த நேரத்துக்குள் கட்டணம் செலுத்தி எழுத்துமூலம் முறையிடும் வழி இருக்கிறது; உங்கள் விஷயத்தில் அது வீண் செலவு.

வண்டிச் செலவைப் பொறுத்தவரை, பந்தயத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் ஆபத்தைத் தாமே ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்திட்டுத்தான் இறங்குகிறார்கள். தன் வண்டியின் சேதம் தன்னுடையது என்பதே அமெச்சூர் பந்தயங்களின் பொதுவான வழக்கம். அவர் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. ஆனால் அவரும் உங்களைப்போல மாதச் சம்பளத்தில் ஓட்டுகிறவராக இருந்தால், ஃபேரிங்குக்கோ (வண்டியின் வெளி உறை) லீவருக்கோ உங்களால் முடிந்ததைக் கொடுக்க முன்வருவதில் தவறில்லை. அதைக் கடன் தீர்ப்பதுபோல நீட்டாமல், உதவியாகக் கொடுங்கள். அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

உங்கள் அப்பாவின் அச்சம் வெறும் அச்சமன்று. 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில் பதின்மூன்று வயதுச் சிறுவன் பந்தயத்தில் உயிரிழந்ததை அவரும் செய்தியில் படித்திருப்பார். அவரிடம் பந்தயம் பாதுகாப்பானது என்று வாதிடாதீர்கள், அது உண்மையன்று. அவர் கேட்காமலேயே நீங்கள் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது: சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத்தில் நேரும் சேதத்துக்குச் செல்லாது, நம் நாட்டுப் பாலிசிகளில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்ட பயன்பாடுகள். உங்கள் மருத்துவக் காப்பீட்டையும், தொழிற்சாலை வழியாகக் கிடைப்பது உட்பட, எடுத்துப் படியுங்கள். ஆபத்தான விளையாட்டுகளைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். போட்டி அமைப்பாளர்கள் ஓட்டுநர்களுக்கு எடுக்கும் விபத்துக் காப்பீட்டின் தொகை எவ்வளவு, எந்தச் சிகிச்சை வரை செல்லும் என்பதை அடுத்த நுழைவுப் படிவத்தில் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காகிதங்களை அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு, அதன் பிறகு அவரோடு பேசுங்கள்.